வேப்பிலை ஏற்றிய வண்டி

துறைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி இப்போதைய துறைத் தலைவர் கேட்டார். அவர் என் மாணவர். வாய்மொழிப் பரீட்சையில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சுற்றி வளைத்துப் பதில் சொன்னவர், இப்போது "தலைமைத்துவம்" என்று ஒரு தலைப்பைக் கையில் கொடுத்து என்னை நேராக எழுதச் சொல்கிறார். எல்லாம் காலம் செய்த கோலம்.

தலைமைத்துவத்தைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சமுதாய மருத்துவத் துறைக்குத் தலைவியாக இருந்த ஆண்டுகளில் நான் அதிகம் செய்தது காத்திருந்ததுதான். தேயிலைத் தோட்டங்களில் காலைப் பெரட்டில் தொழிலாளருக்கு வேலை பிரித்து முடியும்வரை, கொழுந்து நிறுத்து முடியும்வரை, மழை விடும்வரை, தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை சாப்பிட்டுவிட்டு வரும்வரை. இடையிடையே சில நாட்கள் மட்டும் காத்திருக்க நேரமே தராமல் வந்தன. அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். மருந்தின் அளவு, தண்ணீர் மாதிரி எடுக்கும் முறை எல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. என்னைவிடப் புத்தகத்துக்கு ஞாபகசக்தி அதிகம்.

முதலில் மேடத்தைப் பற்றி. எனக்கு முன் துறைத் தலைவியாக இருந்தவர். தெற்கே கடற்கரை ஊரில் பிறந்த சிங்களப் பெண்மணி. குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. தோட்டங்களுக்கு வரும்போது சேலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவெட்டர் மாட்டிக்கொண்டு, கான்வஸ் சப்பாத்தோடு மூச்சு வாங்க ஏறுவார். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் யார் தேத்தண்ணி கொடுத்தாலும் மறுக்கமாட்டார். "இவ்வளவு குடித்தால் இரவில் தூக்கம் வருமா மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன். "தேத்தண்ணியை நான் வேண்டாம் என்று சொன்ன வீட்டில், நாளைக்கு நான் சொல்வதை அவர்கள் வேண்டாம் என்பார்கள். தூக்கம் வராவிட்டால் பரவாயில்லை" என்றார்.

நான் டயகமப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். தோட்டத்தைப் பற்றி இந்தக் கடற்கரைக்காரர் எனக்கு என்ன சொல்லித் தரப்போகிறார் என்ற இறுமாப்பு இளமையில் எனக்கு இருந்தது உண்மை. அது உடைந்தது ஒரு பிள்ளைக்காம்பராவில். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. குழந்தைகளின் பால் போத்தலில் வெறும் பிளேன்டீ இருப்பதைக் கண்டு நாங்கள் இளம் விரிவுரையாளர்கள் எல்லாரும் சேர்ந்து போத்தலைத் தடை செய்துவிட்டுப் பெருமையாக வந்தோம். மேடம் கேட்டார்: "அவர்கள் கையிலிருந்து போத்தலை வாங்கினீர்கள், சரி. உங்கள் மற்றக் கையில் என்ன கொண்டு போனீர்கள்?" எங்கள் மற்றக் கையில் ஒரு விரிவுரைதான் இருந்தது. அவர் தொரையின் ஆபீஸுக்குப் போய், பாலூட்டும் தாய்மார் முற்பகலில் ஒருமுறை பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி வரலாம், அதற்காக அன்றைய சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்று தொரை ஒப்புக்கொள்ளும்வரை அங்கேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

மேடம் ஓய்வு பெற்று, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த புதிதில்தான் இது நடந்தது.

ராகலைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். எங்கள் மாணவர்கள் களப் பயிற்சிக்குப் போகும் இடம். அந்த வருட மழையில் மண் சரிந்து, மலை உச்சி ஊற்றிலிருந்து வந்த குழாய் உடைந்துவிட்டது. தற்காலிக ஏற்பாடாகக் கீழே ஓடும் ஓடையைப் பீலிக்குத் திருப்பிவிட்டார்கள். பீலி என்பது லயத்துச் சனம் குளிக்க, குவளை நிரப்ப, சட்டி கழுவ எல்லாவற்றுக்கும் நம்பியிருக்கும் தண்ணீர்த் தாரை. அந்த ஓடையோ மேல் லயத்து மலசலகூடக் குழிகளை உரசிக்கொண்டு வருவது. தற்காலிகம் என்ற சொல்லுக்குத் தோட்டங்களில் ஆயுள் அதிகம். காய்ச்சல் தொடங்கியது. இரத்தப் பரிசோதனை நெருப்புக்காய்ச்சல் என்றது, அதாவது உங்கள் புத்தகத்து டைஃபொயிட்.

அதற்குள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய பிறகு திருவிழா நிற்கக்கூடாது, ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி வெளியே தங்கக்கூடாது என்பது முறை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு போட்டு வருவார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் குடும்பத்தோடு வருவார்கள். கரகத்தன்று மலையே கோயில் வாசலில் நிற்கும். குடத்தை நிரப்பி, அலங்கரித்துக் கரகம் பாலிப்பது அந்தப் பீலியில். அம்மனுக்கு அபிஷேகம் அந்தத் தண்ணீரில். பிறகு அதையே தீர்த்தமாக ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஊற்றுவார்கள், எல்லாரும் குடிப்பார்கள். குடித்துவிட்டு நாடு முழுக்கப் பஸ் ஏறுவார்கள்.

தோட்ட ஆபீஸில் கூடினோம். தொரை, அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி, நான். அதிகாரியும் என் பழைய மாணவர்தான், நல்ல கெட்டிக்காரர். திருவிழாவைத் தடை செய்து, பொலிசை வைத்துப் பீலியை மூடிவிடலாம் என்றார். தொரைக்கு அது மிகவும் பிடித்திருந்தது. திருவிழா நாட்களில் கொழுந்து குறையும் என்பது அவர் கவலை.

"நீங்கள் பரிந்துரைத்தால் நான் தடை போடுகிறேன் மேடம். நீங்கள் இந்த மக்களில் ஒருவர். நீங்கள் சொன்னால் அவர்கள் எதிர்க்கமாட்டார்கள்" என்றார் அதிகாரி.

அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. தடை போட நியாயம் இருந்தது. மருத்துவராகப் பார்த்தால் அதுதான் சுலபமான சரி. ஆனால் எனக்கு இந்தச் சனத்தைத் தெரியும். பீலியை மூடினால் எங்களுக்குத் தெரியாமல் விடியற்காலையில் ஓடையிலேயே கரகம் பாலிப்பார்கள், அந்தத் தீர்த்தத்தை இன்னும் பக்தியோடு குடிப்பார்கள். அதன் பிறகு எங்கள் வெள்ளைக் கோட்டைக் கண்டால் கதவு சாத்துவார்கள். தடை போடாமல் விட்டாலோ, காய்ச்சல் எத்தனை ஊருக்குப் போகும் என்று எனக்கே தெரியாது. இரண்டு பக்கமும் இடி, நடுவில் மத்தளம் நான்.

கிளாக்கரின் மேசையிலிருந்து மேடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தடை போட்டால், அந்தப் பூசாரி தன் அம்மனிடம் என்ன பதில் சொல்வார்?" எனக்குத் தெரியாது என்றேன். "அப்படியானால் அவரிடம் போய்க் கேள். இருமல் வருகிறது, வைக்கிறேன்" என்றார்.

கோயிலுக்கு ஏறினோம், நானும் அதிகாரியும். பூசாரி பகலில் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் தட்டில் வேலை செய்பவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. பக்கத்தில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க டொக்டரம்மா. திருவிழாவ நிப்பாட்ட வாறீங்கன்னு சேதி ஒங்களுக்கு முன்னாடியே வந்துருச்சு" என்றார் பூசாரி.

"நிப்பாட்ட வரலீங்க. தண்ணியப் பத்திப் பேச வந்தேன்."

காய்ச்சல் எப்படி அந்தத் தண்ணீரில் வருகிறது என்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி. சனம் கொதிக்க வச்சுக் குடிக்கட்டும். நான் ஏன் குறுக்க நிக்கப் போறேன்?"

"சாமிக்கு ஊத்துற தண்ணியையும் கொதிக்க வச்சு ஆற வச்சா என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

பூசாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடுப்புல ஏறுன தண்ணி சாமிக்கு ஆகாது தம்பி. பீலியில இருந்து நேரா வரணும். எங்கப்பா அப்படித்தான் ஊத்துனாரு."

"அப்ப தீர்த்தம் குடுக்காம விடுங்க."

"தீர்த்தம் இல்லாம என்னா திருவிழா?" என்று தலைவர் குறுக்கிட்டார். "கொழும்புல இருந்து வாற புள்ளைங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?"

பூசாரி குரலைத் தாழ்த்தினார். "அவ தீர்த்தத்தக் குடிக்காதன்னு என் வாயால சொன்னா, அப்புறம் அவகிட்ட நின்னு நான் என்னா கேக்க முடியும்?"

மேடத்தின் கேள்விக்குப் பதில் அதுதான். அந்த மனிதர் பிடிவாதம் பிடிக்கவில்லை, உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். கோயிலின் மஞ்சள், கற்பூர வாடையில் சின்ன வயது ஞாபகம் வந்தது. எனக்கு அம்மை போட்டிருந்த நாட்கள். வாசலில் வேப்பிலை. அம்மா அடுப்பில் தாளிக்கவில்லை. எங்கள் தோட்டத்துப் பூசாரி உள்ளே வராமல் இஸ்தோப்பில், வாசல் திண்ணையிலேயே நின்றார்.

"பூசாரியய்யா, எனக்குச் சின்னதுல அம்மை போட்டுச்சு. அப்ப எங்க பூசாரி வாசல்லயே நின்னு வேப்பிலையால தெளிச்சிட்டுப் போவாரு. கையில ஊத்திக் குடிக்கக் குடுத்த ஞாபகம் இல்ல. இங்க எப்படிங்க?"

"இங்கயும் அப்படித்தான். அவ வெளையாடுற வீட்டுல தெளிக்கிறதோட சரி. அந்த வீட்டுல வெளியாளு கை நனைக்கவும் மாட்டாங்க."

சொல்லிவிட்டு நிறுத்தினார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அதிகாரி ஏதோ சொல்ல வந்தார், அவர் காலை மிதித்தேன்.

பூசாரி கருவறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு தலைவரைக் கேட்டார். "எத்தன காம்பராவுல காய்ச்சல் இருக்கு?"

"மேல் லயத்துல பாதிக்கு மேல இருக்கு. நடு லயத்துலயும் வந்துருச்சு."

"அப்ப தோட்டமே அவ வெளையாடுற வீடுதான். இந்த வருசம் தீர்த்தம் குடிக்கக் குடுக்கிறதில்ல, தெளிக்கிறதுதான். லயத்துக்கு லயம் வேப்பிலை கட்டணும். வாற சனம் எந்தக் காம்பராவுலயும் பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது." என்னைப் பார்த்தார். "வேப்பிலைக்கு நான் எங்க போறது? இந்தக் குளுருல வேம்பு ஏது? மாத்தளையில இருந்து ஒரு சாக்கு வரும், அது கரகத்துக்கே சரியாப்போகும்."

"நான் கொண்டாறேன்" என்றேன்.

ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்தியது. அம்மை வீட்டில் மருந்து கொடுப்பது அம்மனுக்குக் கோபம் என்பது நம்பிக்கை. அதையும் அங்கேயே கேட்டுவிட்டேன். "காய்ச்சக்காரங்க மருந்து குடிக்கலாம்தானேங்க?"

"அது அவங்கவங்க வீட்டு விசயம். நான் குடின்னும் சொல்லல, குடிக்காதன்னும் சொல்லல" என்று நழுவிக்கொண்டார்.

இறங்கும்போது அதிகாரி பொரிந்தார். "நெருப்புக்காய்ச்சலை அம்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டு வருகிறோம். இதற்கு நான் ஏன் மேடம் படித்தேன்?" அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "முதலில் தண்ணீர் கொதிக்கட்டும். நீ அப்புறம் கொதிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

துறையின் வண்டி மாத்தளைக்குப் போனது. அன்று மாலை மருத்துவ பீடத்தின் பீடாதிபதி தொலைபேசியில் வந்தார்.

"புரொபெசர், வண்டி எங்கே?"

"மருந்து எடுத்துவரப் போயிருக்கிறது சேர்."

"என்ன மருந்து?"

"வேப்பிலை."

"நான் ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு பீடாதிபதி கீழே இருப்பவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான். உங்களில் யாராவது ஒருநாள் அந்த நாற்காலிக்குப் போனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வந்தபோது சாக்குகளுக்கும் கிளைகளுக்கும் நடுவே எங்கள் மாணவர்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. எங்கள் சாரதி சிங்களவர், வாய் நிறையச் சிரிப்பு. "மேடம், டொக்டர் புள்ளைங்க எல்லாம் இனி கசக்கும்" என்றார். தொரையிடம் போய் ஸ்டோர் விறகில் ஒரு லொறி கேட்டேன். சனத்தைக் கொதிக்க வைத்துக் குடி என்று சொல்லிவிட்டு விறகு கொடுக்காவிட்டால், மறுபடியும் அதே விரிவுரைதானே. முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கொடுத்தார். பிள்ளைக்காம்பரா வாசலில் கோயில் அண்டாக்களை ஏற்றி மாணவர்கள் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். லயங்களின் வாசலெல்லாம் வேப்பிலை தொங்கியது. புகையும் வேப்ப வாடையும் ஸ்டோரிலிருந்து வரும் வாடிய கொழுந்தின் மணமும் கலந்து மலையில் நின்றன. அந்த மணம் இப்போதும் சில சமயம் எனக்கு வரும். எங்கிருந்து வருகிறது என்று தேடினால் ஒன்றும் இருக்காது. வயது போனால் இப்படித்தான் போலிருக்கிறது.

கரகத்துக்கு முதல் நாள் நண்பகலில், பிரசவம் பார்க்கும் மருத்துவமாது என்னைத் தேடி ஓடிவந்தார். "மேடம், பூசாரி மகளுக்குக் காய்ச்சல். வீட்டுலயே வச்சு மறைச்சிருக்காங்க."

மகள் கௌரி, பூசாரிக்கு ஒரே பிள்ளை. இறம்பொடையில் கட்டிக்கொடுத்து, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் போனபோது கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். நாக்கு வெளுத்துக் காய்ந்திருந்தது, உடம்பு கொதித்தது. "வயித்துல புள்ள அசையுதாம்மா?" என்று கேட்டேன்.

"அசையுதுங்க. முந்தி மாதிரி இல்ல."

வெளியே வந்தேன். பூசாரி இஸ்தோப்பில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். விரதத்தில் முகம் இன்னும் ஒடுங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுங்க. இப்பவே."

மனைவிதான் உள்ளிருந்து பதில் சொன்னார். "தோட்டமே அம்மை வீடுன்னு சொன்னது இவருதானே? இப்ப தன் மகளுக்கு ஊசின்னா ஊரு என்னா கேக்கும்? அவ சும்மா விடுவாளா?"

நான் கொண்டுவந்த வேப்பிலை என் முன்னாலேயே தொங்கியது. சாதுரியம் எதுவும் என்னிடம் மிச்சமில்லை. சின்ன வயது ஞாபகமும் உதவிக்கு வரவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பூசாரியய்யா, அன்னைக்கு நீங்க சொன்னத நான் கேட்டேன். ஒங்கள ஏமாத்த நெனைச்சு வேப்பிலை கொண்டாரல. நானும் அந்த வேப்பிலைக்குக் கீழ வளந்தவதான். ஆனா இது தண்ணியால வந்த காய்ச்சல். மருந்து இருக்கு. போகலன்னா ரெண்டு உசுரும் போயிடலாம். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

குரல் உடைந்துவிட்டது. பேராசிரியருக்கு அழகில்லைதான். அழுகையை அடக்க அன்று என்னால் முடியவில்லை.

பூசாரி மணிக்கட்டுக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லை தாண்டக் கூடாதுங்க."

"தெரியுங்க."

"அவ கட்டிக் குடுத்த பொண்ணு. அவ எல்லை இறம்பொடை. எங்க காப்பு அவளக் கட்டாது." எழுந்தார். "கொண்டு போங்க. ஊசியும் போடுங்க, மருந்தும் குடுங்க. அம்மா கோவிச்சா பூசாரி மேல."

அதோடு நிற்கவில்லை. லயத்து முற்றத்தில் இறங்கி, அந்தப் பெரிய குரலைத் திறந்து கத்தினார். "மருந்து குடிக்கிறவங்க குடிங்க. அம்மா கோவிச்சா பூசாரி மேல." மேல் லயத்துக்கு ஏறினார், அங்கேயும் சொன்னார். நடு லயத்திலும் சொன்னார். சில நாட்களுக்கு முன் அது அவரவர் வீட்டு விசயம் என்று நழுவிய மனிதர், ஒரு தோட்டத்தின் மீது வரவேண்டிய கோபம் முழுவதையும் தன் தலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ மாநாடுகளில் தலைவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதைப் போல் ஒன்றும் கேட்டதில்லை.

வண்டியைக் கூட்டிச் சுத்தம் செய்ய நேரமில்லை. தரையெல்லாம் உதிர்ந்த வேப்பிலை. அதன்மேல் பாய் விரித்து கௌரியைப் படுக்க வைத்தோம். மருத்துவமாதும் அதிகாரியும் கூட ஏறினார்கள். பூசாரி வண்டியோடு நடந்து வந்தார். தோட்டத்து எல்லையில் ஒரு சின்னப் பாலம். அதன் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். வண்டி வளைவில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாளைக்குக் கரகம் தூக்கணும். மக இருக்காளா இல்லையான்னு தெரியாமத்தான் தூக்கணும்" என்றார்.

"சேதி வந்ததும் நானே வந்து சொல்றேன்."

"கரகம் தலையில இருந்தா நான் பேச மாட்டேன்."

"நீங்க பேச வேணாம். என் மொகத்தப் பாருங்க."

மறுநாள் தப்பு முழங்கக் கரகம் பீலியிலிருந்து ஏறி வந்தது. நான் ஆபீஸ் தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அதிகாரி பேசினார். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை, ஆனால் மருந்து ஏறுகிறது, வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்கிறார்கள் என்றார். கோயிலுக்கு ஓடினேன். சனத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் நின்றேன். பூசாரி கரகத்தோடு ஆடிக்கொண்டே, பக்கத்தில் ஒருவர் ஏந்தி வந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தில் வேப்பிலையை நனைத்து நனைத்து எல்லார் மீதும் தெளித்து வந்தார். என் முன்னால் வந்ததும் நின்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் வேப்பிலைக் கொத்தை ஓங்கி என் தலையில் அடித்தார். தோள்வரை நனைந்துவிட்டது. அவர் கண்ணிலிருந்து வந்தது மஞ்சள் தண்ணீரா என்று நான் ஆராயவில்லை.

கௌரி பிழைத்தாள், ஆண் குழந்தை பிறந்தது. அந்தத் திருவிழாவிலிருந்து காய்ச்சல் வெளியூர் போகவில்லை. மருந்தைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நின்ற எங்கள் மாணவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. தலைவரும் பூசாரியும் நானுமாகத் தொரையை விடாமல் நச்சரித்து, மலை உச்சி ஊற்றுக்கே புதிய குழாய் போட வைத்தோம். அதற்குப் பட்ட பாடு தனிக் கதை.

மேடம் இப்போது இல்லை. பூசாரியும் இல்லை. அதிகாரியாக இருந்த அந்தக் கெட்டிக்காரர்தான் இன்று என்னிடம் இந்தக் கட்டுரையைக் கேட்டிருக்கும் உங்கள் தலைவர். காலை மிதித்ததை அவர் மறந்திருக்கமாட்டார்.

இந்த வருடம் திருவிழாவுக்குப் போனேன். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை, ராகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டோ பிடித்தேன். பல லயங்கள் தனி வீடுகளாகிவிட்டன. ஊற்றுத் தண்ணீர் வீட்டுக்கு வீடு குழாயில் வருகிறது. நெருப்புக்காய்ச்சல் என்றால் என்ன என்று கேட்கும் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பூசை முடிந்து தீர்த்தம் வந்தபோது, மற்றக் கோயில்களின் பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டினேன்.

மீசை அரும்பிய வாலிபப் பூசாரி, வேப்பிலையை ஓங்கிய கையோடு நின்றான். "கைய நீட்டாதீங்கம்மா. எங்க கோயில்ல குடிக்கக் குடுக்கிறதில்ல, தெளிக்கிறதுதான். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். வெளியூருங்களா?"

அவனுக்குப் பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கௌரிதான். மகனிடம் ஏதோ சொல்ல வந்தவளை வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

"ஆமாப்பா, வெளியூருதான்" என்றேன்.

அவன் தெளித்துவிட்டு மேடையேறி, தாத்தாவின் அதே குரலில் சனத்தைப் பார்த்துக் கத்தினான். "மருந்து குடிக்கிறவங்க குடிங்க. அம்மா கோவிச்சா..."

"பூசாரி மேல" என்றது மொத்தச் சனமும்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இது என்ன என்று கேட்டேன். "அது மந்திரம் மாதிரிங்க. ஏன்னெல்லாம் தெரியாது. அதச் சொல்லாம இங்க பூசை முடியாது" என்றாள்.

அவன் இரண்டாம் முறை கத்தியபோது, முகத்தில் விழுந்த தண்ணீரைத் துடைக்காமல் நானும் சனத்தோடு சேர்ந்து சொன்னேன்.